பதின்மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம்

எங்கள் சொந்தத்தில் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். நான் எட்டு மணி நேரத்தைக் கணக்கில் விட்டுவிட்டதால்தான் என் அம்மாவால் என் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது என்று. கல்யாண வீட்டில் சொல்வார்கள். தீபாவளிக்கு வந்தால் சொல்வார்கள். "இவதான் கணக்குல புலி" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். பல வருடம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். இப்போது கேட்பதில்லை, எழுந்து போய்விடுகிறேன். திமிர் பிடித்தவள் என்று பெயர். இருக்கட்டும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மலேசியாவில் கிள்ளான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். அம்மா லண்டனில் இருந்தாள். சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள். ஆறு மாதம் கழித்துத் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. அங்கே ஏதோ ஒரு வீட்டில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படுக்கை மாற்றுகிற வேலை. எங்கள் பக்கத்திலிருந்து அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். எல்லோர் வீட்டிலும் ஒரே பதில் வைத்திருப்பார்கள்: பெர்மிட் இருக்கு. எங்கள் வீட்டிலும் அதேதான். நானும் பள்ளியில் அதைத்தான் சொன்னேன். பெர்மிட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.

மாமா, அம்மாவின் தம்பி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையில் வேலை பார்த்தார். கண்ணாடி உடைந்த தன் பழைய போனை எனக்குக் கொடுத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு பேசுவதற்கு. மற்ற நாட்களில் நான் அதில் ஒரே ஒரு வேலைதான் செய்வேன். இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் உலகப் படத்தின் மேல் ஒரு வளைந்த கோடு வரும். கீழே தூரமும் நேரமும் வரும். லண்டனிலிருந்து கோலாலம்பூர்: பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பதின்மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். பள்ளி விட்டு வந்ததும் அதைத் தட்டிப் பார்ப்பேன். நேற்றைக்கும் இன்றைக்கும் எண் மாறாது என்று தெரிந்தும் பார்ப்பேன். கூடாமல் இருக்கிறதே, அதுவே ஒரு நிம்மதி. கோடு எந்த ஊர்களுக்கு மேல் போகிறது என்பதும் மனப்பாடம். எத்தனையாவது மணி நேரத்தில் விமானம் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அந்தப் பக்கத்தில் வருகிற விமானம் எங்கும் நிற்காது. அதில் ஏறுகிறவளிடம் யாரும் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை. அது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்பா லோரியிலேயே செத்துப்போனார். கண்டெய்னர் ஏற்றுவதற்கு வரிசையில் நின்றிருந்த லோரி. முன்னால் இருந்த வண்டி நகர்ந்தும் இவர் நகரவில்லை என்று பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்திருக்கிறான். கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, இறங்கி வந்து, திட்டுவதற்காகக் கதவைத் திறந்திருக்கிறான். அவன்தான் முதலில் பார்த்தது. சாவு வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்து அவன் அழுத மாதிரி எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அழவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்தார்கள். வீட்டு முன்னால் சாலையை அடைத்து நீலக் கூடாரம் போட்டாயிற்று. சிவப்பு நாற்காலிகள் வந்துவிட்டன. கூடத்தில் ஐஸ் பெட்டி. காப்பாரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அப்பாவுக்கு அண்ணன், குரல் பெரிதாக இருப்பவர், சாவு வீட்டில் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்வார். எங்கள் ஆட்களிடம் முதலில் கேட்கப்படுகிற கேள்வி எப்படிச் செத்தார் என்பதல்ல, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்பதுதான். அந்த நேரம் தெரிந்தால்தான் மின்சுடலையில் இடம் பிடிக்க முடியும், வண்டிக்குச் சொல்ல முடியும், வாட்ஸாப்பில் போட முடியும். வெளிநாட்டில் இருக்கிற மகனோ மனைவியோ வர வேண்டுமென்றால் விமானத்தைக் கேட்டுத்தான் நேரம் வைப்பார்கள்.

"மாப்ள, ஒங்கக்கா எப்ப வருது? அத மொதல்ல சொல்லு" என்றார் பெரியப்பா.

மாமா போனை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே போனார். வெகுநேரம் பேசினார். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். திரும்பி வந்தபோது கூடாரமே அவரைப் பார்த்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வருவாளா? இல்ல அங்கயே நல்லாத்தான் இருக்காளாமா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். யாரோ ஒரு கிழவி சிரிப்பை அடக்கினாள்.

"கெளம்பிட்டாங்க" என்றார் மாமா. "ராத்திரி பத்து மணி பிளைட்."

"எத்தனை மணி நேரம்டா லண்டன்லேருந்து?"

மாமா பதில் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன். பதின்மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். செத்தவருடைய மகள் அழாமல் இப்படி ஒப்பிக்கிறாளே என்று சிலர் பார்த்தார்கள். நான் அழாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அம்மா வருகிறாள். அப்பா செத்ததைவிட அது பெரிதாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

பெரியப்பா என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். "பாப்பா, நீயே சொல்லு. எத்தன மணிக்கு எறங்கும்?"

இரவு பத்தோடு கூட்டினேன். மறுநாள் காலை பதினொன்று நாற்பது. பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம். சிப்பாங் விமான நிலையத்திலிருந்து கிள்ளானுக்கு ஒரு மணி நேரம், ஜாம் இருந்தால் இன்னும் அரை மணி. இரண்டு மணிக்கு அம்மா வீட்டில் இருப்பாள் என்றேன்.

"அப்ப நாலு மணி வெச்சிக்குவோம்" என்றார் பெரியப்பா. "ரெண்டு மணி நேரம் சும்மா கெடக்கட்டும்." சனிக்கிழமை மாலை நான்கு மணி என்று வாட்ஸாப்பில் அப்பாவின் படத்தோடு போய்விட்டது. மாமா போய் நாற்காலிகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே வரிசையில்தான் இருந்தன.

சனிக்கிழமை காலையில் விழித்ததும் போனைத்தான் பார்த்தேன். ஏழு மணி. கிளம்பி ஒன்பது மணி நேரம் ஆகிறது. பல் விளக்காமல் கூடத்துக்கு ஓடி, பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களிடம், அம்மா டில்லிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள் என்றேன்.

அதற்காகக் காத்திருந்தவர்கள் மாதிரி அவர்கள் ஒப்பாரியில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகாசத்தில் வர்றாளே, மேகத்தில் மிதந்து வர்றாளே, கண்ணைத் திறந்து பாரய்யா என்று. நேற்று அம்மாவைக் குத்திக் கேட்ட அத்தைதான் எடுத்துக் கொடுத்தாள். ஒன்பதரைக்கு அம்மா கடலுக்கு மேல் வந்தாள். அதையும் பாடினார்கள். புதிதாக வருகிறவர்கள் மாலை போட்டுவிட்டு என்னிடம் வந்து, "இப்ப எங்கம்மா வர்றாங்க?" என்று கேட்டார்கள். நானும் சொன்னேன். அந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த மாமா, நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் கொதிக்கிற சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினொன்று நாற்பதுக்கு, அம்மா இறங்கிவிட்டாள் என்று அறிவித்தேன். பெண்கள் பெரிதாக ஒரு முறை அழுதுவிட்டு ஓய்ந்தார்கள். நான் வாசல் கேட்டில் போய் நின்றுகொண்டேன். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று சிவப்புப் பூப்போட்ட சட்டையை மாற்றினேன். அத்தை வந்து பிடரியில் ஒன்று வைத்துக் கழற்ற வைத்தாள்.

இரண்டு மணி ஆயிற்று. வெள்ளை டாக்ஸி ஒன்று வந்தது, இறங்கியது வேறு யாரோ. இரண்டரை. மாமாவிடம் அம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். போன் அடைத்திருக்கிறது என்றார். இமிகிரேஷனில் கூட்டமாக இருக்கும் என்றார் ஒருவர். ஹைவேயில் ஜாம் என்றார் இன்னொருவர். மூன்று மணிக்கு உடலைக் குளிப்பாட்டுவதற்கு ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

அப்போதுதான் கூடாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்கள் பேசியது காதில் விழுந்தது. அன்றைக்கு இருந்த ஆங்கிலேயக் கால்பந்து ஆட்டத்தைப் பற்றி.

"எட்டரைக்குதான்லா ஆட்டம். எரிச்சிட்டு வந்து, குளிச்சிட்டு, நிம்மதியா பாக்கலாம்."

"ராத்திரியா? வெயில்ல ஆடுறானுங்க, டிவில பாத்ததில்ல?"

"டேய் மடையா, நமக்கு ராத்திரி எட்டரைன்னா லண்டன்ல மத்தியானம் பன்னண்டரைடா. எட்டு மணி நேரம் பின்னால இருக்கான் அவன்."

பத்து மணி பிளைட் என்றால் லண்டனில் இரவு பத்து மணி. அப்போது இங்கே சனிக்கிழமை விடிகாலை ஆறு. அதற்குப் பிறகுதான் பதின்மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். இரவு ஏழு நாற்பதுக்குத்தான் அம்மா இறங்குவாள். நான் டில்லியில் இருக்கிறாள் என்று சொன்னபோது லண்டனை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஒப்பாரி முழுக்க ஆளில்லாத ஆகாசத்தைப் பார்த்துப் பாடியது.

ஓடிப்போய்ப் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். தப்பாப் போட்டுட்டேன், எட்டு மணி நேரம் விட்டுட்டேன், எடுக்காதீங்க, அம்மா ராத்திரிதான் வருவாங்க, எடுக்காதீங்க. அப்பாவுக்காக வராத அழுகை அப்போது வந்தது. குளிப்பாட்ட வந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

பெரியப்பாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம் அவர் மனிதனாக இருந்தார். என் தலையில் கையை வைத்தார். "அழாத. நாளைக்குக் காலைல எடுப்போம். ஐஸ்லதான இருக்கான், எங்க போயிடப் போறான். பொண்டாட்டி மொகத்தக் காட்டாம எரிச்சா நாளைக்கு நம்மளத்தான் பேசுவானுங்க." மின்சுடலைக்கு நேரத்தை மாற்றச் சொல்லப் போனை எடுத்தார். எனக்கு உயிர் வந்தது.

தேநீர்ச் சட்டியை விட்டுவிட்டு மாமா ஓடிவந்தார்.

"வேணாம் அத்தான். எடுத்துரலாம்."

"என்னடா பேசுற? ஒங்கக்காதான வருது?"

"இங்க வாங்க. ஒரு நிமிஷம் வாங்க."

பெரியப்பாவின் முழங்கையைப் பிடித்து, சாலையில் நிறுத்தியிருந்த ஒரு லோரிக்குப் பின்னால் கூட்டிப்போனார். கூடாரத்திலிருந்து பார்த்தால் சக்கரங்களுக்கு நடுவில் அவர்களுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. மாமாவின் கால்கள் ஒரே இடத்தில் இருந்தன. பெரியப்பாவின் கால்கள் இரண்டு அடி விலகி, திரும்பி வந்து, மறுபடி விலகின.

அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரிய ஒன்பது வருடம் ஆயிற்று. காப்பாரில் ஒரு கல்யாணத்தில், சேலையை மடித்துக்கொண்டே பெரியம்மா சொன்னாள். ஏதோ எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் மாதிரி. "ஒங்கம்மா அன்னிக்கு வேலைக்குத்தான போயிருந்தா. ஒனக்குத் தெரியாதா?" அம்மா எந்த விமானத்திலும் ஏறவில்லை. பத்து மணி விமானம் என்று ஒன்று கிடையாது. அங்கே தங்கும் அனுமதி முடிந்தவள், வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. அதை வெள்ளிக்கிழமையே மாமாவிடம் சொல்லிவிட்டாள். அத்தை அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டதும் மாமா வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். நேரமாகும், எடுத்துவிடுவார்கள், விமானம் தாமதம் என்று முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். நான் தூரமும் நேரமும் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராமல் கிடைத்ததை அவர் வீணாக்கவும் இல்லை.

லோரிக்குப் பின்னாலிருந்து வந்தபோது பெரியப்பாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, வழக்கமான பெரிய குரலில் சொன்னார். "புள்ள கணக்கத் தப்பாப் போட்டுடுச்சு. சின்னப் புள்ள, அதுக்கென்ன தெரியும். இனிமே நேரத்த மாத்த முடியாது. ஆக வேண்டியதப் பாருங்க."

கூடாரம் முழுக்க உச்சுக் கொட்டியது. பாவம் அந்தப் பெண், ஆகாசத்தில் வந்துகொண்டிருக்கிறாள், இங்கே எடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதே என்றார்கள். என்னைப் பார்த்து, விடு, தெரிந்தா செய்தாய் என்றார்கள். ஒருத்தி முகத்தைத் துடைத்துவிட்டாள். ஒருத்தி பாக்கெட் தண்ணீரில் ஸ்ட்ராவைக் குத்திக் கையில் கொடுத்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை. மாமாவின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

வாய்க்கரிசி போடும்போது அத்தை என் கையில் இரண்டு தடவை அரிசியை அள்ளி வைத்தாள். "இது ஒனக்கு. இது ஒங்கம்மா பங்கு. அவளாலதான் வர முடியாமப் போச்சு, நீயே போடு." போட்டேன். இரண்டாவது பிடியைப் போடும்போது அரிசி அப்பாவின் கழுத்தில் சிந்தியது. நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு வண்டி கிளம்பியது. எங்கள் வீட்டுப் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. கூடத்தைக் கழுவிவிட்டார்கள்.

ஆண்கள் திரும்பி வந்து குளித்தபோது ஆறு மணி. நான் செருப்புப் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். ஏழு நாற்பதுக்கு அம்மா இறங்குவாள், சிப்பாங்குக்குக் கூட்டிப்போங்கள் என்று மாமாவிடம் கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவர் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"அம்மா துபாய்ல எறங்கிப் போன் பண்ணாங்க பாப்பா. எடுத்தாச்சுன்னு சொன்னேன். ரொம்ப அழுதாங்க. இனிமே வந்து என்ன பண்றதுன்னு அங்கேருந்தே திரும்பிட்டாங்க."

துபாயில் இறங்கி மாறுகிற விமானம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று கேட்டேன். ஆமாம், மாறித்தான் வர வேண்டும், நீ கேட்கவில்லையே என்றார். அப்படியானால் என் கணக்கு இரண்டு இடத்தில் தப்பு. உள்ளே போய்ப் போனை எடுத்தேன். லண்டன், துபாய் என்று தட்டினேன். ஐயாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். போக ஐயாயிரத்து ஐந்நூறு, திரும்ப ஐயாயிரத்து ஐந்நூறு. கூட்டிப் பார்த்தால் பதினோராயிரம். வீட்டுக்கு வருகிற தூரத்தைவிட அதிகம். அவ்வளவு தூரம் பறந்தும் அம்மா வீடு வந்து சேரவில்லை, என்னால்தான் என்று அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அந்தக் கூட்டல் மட்டும் சரியாக இருந்தது.

அம்மா எட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தாள். பிடித்து அனுப்பிவிட்டார்கள். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி. மருந்து நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். பெரியம்மா சொன்னதை இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை. வர முடியாததா, வர மனமில்லாததா, மாமா வர வேண்டாம் என்றாரா? கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்வாள். அதை நம்புகிற மாதிரி நான் இல்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? மாமா பூக்கடை ஒன்றைச் சொந்தமாகவே வைத்துவிட்டார். அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் போவதில்லை.

அப்பாவை எடுத்த ஐந்தாம் நாள் அம்மா போன் பண்ணினாள். அந்த ஐந்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன சொல்வது என்று நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். போன் அடித்ததும் புத்தகத்தைத் தேடக்கூடத் தோன்றவில்லை. ஹலோ என்றவுடன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பத்து மணி என்றதும் நம் ஊர்ப் பத்து மணி என்று நினைத்துவிட்டேன். எட்டு மணி நேரத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன். நான் சரியாகச் சொல்லியிருந்தால் பெரியப்பா மறுநாள் வைத்திருப்பார். துபாயிலிருந்து நீங்கள் திரும்பிப் போயிருக்க வேண்டாம். அம்மா, சாரிம்மா.

அந்தப் பக்கம் தட்டுகளை அடுக்குகிற ஓசை எங்கோ கேட்டது. யாரோ ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது அம்மாவின் பெயர் இல்லை, ஆனால் அம்மாதான் அதற்கு "கம்மிங்" என்று பதில் சொன்னாள்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"பரவால்ல கண்ணு. தெரியாமத்தான தப்பாப் போட்ட. அம்மாவுக்கு ஒம் மேல கோவமே இல்ல. இத நெனச்சிக்கிட்டே இருக்காத, சரியா? போய் சாப்புடு."

எனக்கு எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது என்று சொல்ல முடியாது. போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடி, அத்தையிடம் சோறு கேட்டேன். ரசத்தை ஊற்றி இரண்டு தட்டு சாப்பிட்டேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும், கேட்காமலே, அம்மா என்னை மன்னித்துவிட்டாள் என்று சொன்னேன்.